காதலும் தலையும் ஒன்றான கதை: தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு ரெக்கமெண்டேஷன் சிஸ்டம் செய்வது எப்படி

தெரிந்தவர் ஒருவர் வாடகை நூலகம் நடத்துகிறார். சுமார் இரண்டாயிரம் தமிழ்ப் புத்தகங்கள், ஒரு மேசை, ஒரு பழைய கணினி, அதில் ஓர் எக்செல் கோப்பு, அவ்வளவுதான் கடை. புத்தகத்தைத் திருப்பித் தர வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இதே மாதிரி வேற என்ன இருக்கு?" அவர் இருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே மூன்று பெயர் சொல்லிவிடுவார். மதியம் அவர் சாப்பிடப் போனால் கடையைப் பார்த்துக்கொள்ளும் பையன் அலமாரியைக் கைகாட்டுவான். அந்தப் பையனுக்கு உதவியாக ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டார். சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். முடியவில்லை. மாட்டிக்கொண்ட இடங்களில் பாதிக்கு மேல் தமிழ் எழுத்து சம்பந்தப்பட்டவை, ஆங்கிலப் பாடங்களில் அவற்றைத் தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குப் பைத்தான் ஓரளவு தெரியும், பேண்டாஸ், சைகிட்-லேர்ன் இரண்டையும் தொட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நிரல் வரிக்கு வரி இங்கே வராது. எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும், எங்கே கால் இடறும் என்பது மட்டும்.

முதலில், உரையை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி. பரிந்துரை என்றதும் பலருக்கு நினைவு வருவது "இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்" என்ற வகை. அமேசான் இந்த முறையை 2003இல் கட்டுரையாகவே வெளியிட்டது. நெட்ஃபிளிக்ஸ் 2006இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்துப் போட்டி நடத்தி 2009இல் ஓர் அணிக்குக் கொடுத்ததும், பார்வையாளர்கள் கொடுத்த மதிப்பெண்களை வைத்து அடுத்த மதிப்பெண்ணைக் கணிப்பதற்குத்தான். இவை எல்லாம் கோடிக்கணக்கான பதிவுகள் கையில் இருப்பவர்களின் வித்தை. நம்ம நூலகத்தில் பாதிப் புத்தகங்களை இதுவரை இரண்டு மூன்று பேர்தான் எடுத்திருப்பார்கள், நேற்று வந்து இறங்கிய புத்தகத்தை ஒருவரும் எடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கணினிக்குத் தெரிந்திருக்கும் ஒரே விஷயம் அதன் பின்னட்டையில் அச்சாகியிருக்கும் நாலு வரி. அந்த நாலு வரியைப் படித்துப் புரிந்துகொள்ள வைப்பதுதான் இங்கே என்.எல்.பி.யின், அதாவது மனித மொழியைக் கணினிக்குப் பழக்கும் துறையின், வேலை.

சரி, அந்த நாலு வரியைச் சேகரிக்க வேண்டும். எக்செல்லில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வகை என்று நாலு பத்தி ஏற்கனவே இருந்தது. பின்னட்டை வாசகத்துக்கு ஐந்தாவது பத்தி சேர்த்தோம். பையன் கைபேசியில் பின்னட்டைகளைப் படம் எடுத்தான், நான் டெசராக்ட் என்ற மென்பொருள் மூலம் எழுத்தாக்கினேன். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் இந்த ஓ.சி.ஆர். தமிழுக்கு இப்போது பரவாயில்லை, ஆனாலும் துணைக்காலையும் ர எழுத்தையும் அது குழப்பிக்கொள்ளும், வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருந்தால் மொத்தமாகக் கையை விரித்துவிடும். பதிப்பகத்தாரிடம் கோப்பாகவே வாங்கலாமே என்று தோன்றும், வாங்கலாம், ஆனால் அதில் சில பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும், திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு நாலைந்து பத்தியைக் கண்ணால் படித்துப் பாருங்கள், இந்த ஒரு வேலைக்கு மட்டும் சோம்பல்படாதீர்கள்.

இனி எழுத்துச் சீரமைப்பு. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுத முடியும்: க-வுடன் ஒரே குறியாக, அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் என்று ஒன்று உண்டு, அதில் என்.எஃப்.சி. வடிவத்தைக் கேட்டால் இதைச் சரி செய்துவிடும். அது சரி செய்யாதது ஒன்று இருக்கிறது. 'கௌரவம்' என்பதைப் பலர் 'கெளரவம்' என்று, அதாவது கொம்பு போட்டு ள-வைத் தட்டி எழுதுவார்கள். பௌர்ணமிக்கும் மௌனத்துக்கும் இதே கதிதான். உடனே ஆர்வக்கோளாறில் "கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரமாக மாற்று" என்று ஒரு விதி போட்டுவிடாதீர்கள், நான் போட்டேன், 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாம் உடைந்து போயின. மாற்ற வேண்டிய சொற்களைச் சின்னப் பட்டியலாக வைத்து அவற்றை மட்டும் மாற்றுவதே நல்லது. கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகளும் வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும், அவற்றைத் துடைத்து எறியலாம்.

இப்போது தலைப்பில் சொன்ன கதை. உரையை எண்ணாக்க எல்லோரும் முதலில் எடுப்பது சைகிட்-லேர்னில் உள்ள டிஎஃப்-ஐடிஎஃப் வெக்டரைசர். உரையைக் கொடுத்தால் சொற்களாக உடைத்து, எண்ணி, அட்டவணை போட்டுத் தரும். நானும் கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, அட்டவணையும் வந்தது. ஆனால் ஒரு காதல் நாவலுக்கு நெருக்கமானது என்று தலைவலிக்கான கை வைத்தியப் புத்தகத்தைக் காட்டியது. ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டு, அடுத்த நாள் அது உருவாக்கிய சொற்பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பட்டியலில் 'காதல்' இல்லை, 'தல' இருந்தது. 'தலை'யும் இல்லை, அதுவும் 'தல'தான்.

என்ன நடந்தது என்றால், அந்த வெக்டரைசர் சொற்களைப் பிரிக்க ஒரு ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன், அதாவது எழுத்து வரிசைகளைத் தேடும் விதி, வைத்திருக்கிறது: சொல்லெழுத்துகள் இரண்டோ அதற்கு மேலோ அடுத்தடுத்து வந்தால் அது ஒரு சொல். பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன் தொகுதிக்கு உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சொல்லெழுத்துகளே அல்ல. கால், கொம்பு, சுழி, புள்ளி எதைப் பார்த்தாலும் அது காற்புள்ளியைப் பார்த்த மாதிரி அங்கேயே வெட்டும். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். த, ம இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன, பிறகு இகரக் குறி வந்ததும் ஒரு வெட்டு, பிறகு ழ தனியாக நிற்கிறது, அப்புறம் புள்ளி. தனியாக நிற்கும் ழ-வை "ஒரே எழுத்து, வேண்டாம்" என்று தூக்கி எறிந்துவிடும். மிஞ்சுவது 'தம'. நம் மொழியின் பெயரிலேயே ழகரத்தைக் காணோம்! இதே கணக்கில் 'கதை', 'கத்தி', 'கதிர்' மூன்றும் 'கத' ஆகிவிடும். 'பாட்டி', 'தாத்தா', 'மாமா' மூவரும் அடுத்தடுத்து இரண்டு வெற்றெழுத்து இல்லாத பாவத்துக்குச் சுவடே இல்லாமல் காணாமல் போவார்கள். குடும்ப நாவலில் குடும்பமே மிஞ்சாது.

மாற்று வழி எளிது. அந்த வெக்டரைசரில் டோக்கன் பேட்டர்ன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதில் "தமிழ் யூனிகோட் வரிசைக்குள் வரும் குறிகள் தொடர்ச்சியாக எத்தனை வந்தாலும் ஒரு சொல்" என்று எழுதுங்கள். தமிழுக்கான வரிசை தசம எண்ணில் 2944இலிருந்து 3071 வரை. அல்லது நீங்களே வெற்றிடத்தை வைத்துப் பிரித்து, நிறுத்தற்குறிகளை உதறிக் கொடுங்கள். எதைச் செய்தாலும் செய்த பிறகு சொற்பட்டியலில் ஒரு ஐம்பது சொல்லை அச்சிட்டுப் படியுங்கள். ஐந்து நிமிட வேலை, எனக்கு ஒரு நாள் போனது.

சொல் உடையாமல் வந்துவிட்டது, அடுத்து விகுதி. வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகளில் எல்லாம் நமக்கு ஒரே வீடு, அட்டவணையில் ஐந்து பத்திகள். கூடவே சந்தி: 'சிறுகதைத் தொகுப்பு' என்று எழுதினால் 'சிறுகதைத்' தனிச் சொல், 'சிறுகதை' தனிச் சொல். வேர்ச்சொல் பிரிக்கும் கருவிகள் தமிழுக்கு இருக்கின்றன, ஸ்னோபால் தொகுப்பிலேயே ஒன்று உண்டு. வைத்துப் பார்த்தேன், சில இடங்களில் நன்றாகவே வெட்டுகிறது, சில இடங்களில் கழுத்தையும் சேர்த்து. நான் கடைசியில் எடுத்தது இன்னும் சோம்பேறித்தனமான வழி: சொல்லுக்குப் பதிலாக, சொல்லுக்குள் இருக்கும் மூன்று முதல் ஐந்து குறி நீளத் துண்டுகளை எண்ணச் சொல்வது. அதே வெக்டரைசரில் அனலைசர் என்ற அமைப்பை, சொல் எல்லைக்குள் எழுத்துத் துண்டு என்ற தேர்வுக்கு மாற்றினால் போதும். 'வீட' என்ற மூன்று குறித் துண்டு வீடு, வீட்டில், வீட்டுக்கு மூன்றிலும் இருப்பதால் அவை தானாகவே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். இந்தத் தேர்வில் மேலே சொன்ன ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன் தொல்லையும் கிடையாது, ஏனென்றால் அது வெற்றிடத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஓ.சி.ஆர். பிழையில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மிச்சத் துண்டுகள் பொருந்திவிடும். ஒன்று நினைவிருக்கட்டும்: நாம் மூன்றெழுத்து என்று சொல்லும் 'தமிழ்' கணினிக்கு ஐந்து குறி, ஆகவே நீள எண்ணிக்கை எல்லாம் குறிக் கணக்கில்தான்.

டிஎஃப்-ஐடிஎஃப் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதைப் பெட்டிக்குள் பெட்டியாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு சொல் இந்தப் புத்தகக் குறிப்பில் எத்தனை முறை வருகிறது என்பது முதல் பாதி. எத்தனை புத்தகங்களில் வருகிறது என்பதைத் தலைகீழாக்கி எடை போடுவது இரண்டாம் பாதி, கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் கொண்டுவந்த யோசனை. இரண்டாயிரம் புத்தகத்தில் 'நாவல்' என்ற சொல் ஆயிரத்தில் வந்தால் அதன் எடை 2-இன் இயல் மடக்கை (நேச்சுரல் லாக்), சுமார் 0.69. 'உப்பளம்' நாலே நாலு புத்தகத்தில் வந்தால் 500-இன் மடக்கை, சுமார் 6.2. 'நாவல்' என்பதைவிட 'உப்பளம்' ஒன்பது மடங்கு கனம், அதைப் பற்றிப் பேசும் இரண்டு புத்தகங்கள் ஒன்றையொன்று வலுவாக இழுக்கும். சைகிட்-லேர்ன் இந்தச் சூத்திரத்தில் அங்கங்கே ஒன்றைக் கூட்டிக்கொள்ளும், சாரம் இதுதான். பிறகு இரண்டு புத்தகங்களின் எண் வரிசைகளுக்கு இடையே கொசைன் (இரண்டும் எவ்வளவு ஒரே திசையில் இருக்கின்றன என்ற அளவு) பார்த்தால் நெருக்கம் வந்துவிடும். ஒரு, இந்த, மற்றும் போன்ற சொற்களை நீக்கப் பட்டியல் தேடி அலைய வேண்டாம், இந்த எடையே அவற்றை அமுக்கிவிடும்.

இதை ஓட்டிப் பார்த்ததும் அடுத்த வேடிக்கை. ஒரு குறிப்பிட்ட பதிப்பகத்தின் புத்தகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் பங்குச்சந்தை, அதற்குப் பக்கத்தில் ஆன்மிகம். அந்தப் பதிப்பகம் ஒவ்வொரு பின்னட்டையின் அடியிலும் தன்னைப் பற்றி ஆறு வரி அச்சிட்டிருந்தது: எப்போது தொடங்கினோம், என்ன நோக்கம், கடை எங்கே. புத்தகத்தைப் பற்றி மூன்று வரி, தன்னைப் பற்றி ஆறு வரி என்றால் கணக்கு யார் பக்கம் சாயும்? ஆசிரியர் குறிப்புகளும் இப்படித்தான், "எட்டு நாவல்களும் ஆறு சிறுகதைத் தொகுப்புகளும் எழுதியுள்ள இவர்" என்ற பாணி எல்லாப் பின்னட்டையிலும் ஒன்றே. ஒரே வாக்கியம் ஐந்துக்கு மேற்பட்ட புத்தகங்களில் அப்படியே வந்தால் நீக்கிவிடு என்று ஒரு சின்ன நிரல் எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்த அத்தனை வேலையிலும் அதிகப் பலன் கொடுத்தது இந்தப் பத்து வரி நிரல்தான்.

இனிதான் எம்பெடிங், அதாவது பொருளை எண் வரிசையாக்குவது. டிஎஃப்-ஐடிஎஃப்புக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் நெருக்கம் தெரியும். 'மீனவர்' என்று ஒரு பின்னட்டையும் 'கடலோடிகள்' என்று இன்னொன்றும் சொன்னால் அதற்கு இரண்டும் வேறு உலகம். பொருள் ஒத்துப்போவதைப் பிடிக்க வாக்கியத்தையே எண் வரிசையாக்கும் மாடல்கள் வேண்டும். 2013இல் வேர்டு-டு-வெக் சொல்லுக்கு எண் வரிசை கொடுத்தது, ஃபாஸ்ட்டெக்ஸ்ட் அதைச் சொல்லின் துண்டுகள் வரை கொண்டுபோய்த் தமிழ் உட்பட 157 மொழிகளுக்கு இலவசமாகவே வெளியிட்டது, 2019இல் சென்டன்ஸ்-பெர்ட் வந்து முழு வாக்கியத்துக்கு அதைச் சாத்தியமாக்கியது. நமக்கு வேண்டியது கடைசி வகை.

இங்கே ஒரு பொறி. வழிகாட்டிகள் பலவும் கைகாட்டும் பன்மொழி மாடல் ஒன்று இருக்கிறது, பாராஃப்ரேஸ் மல்டிலிங்குவல் மினி-எல்.எம். என்று. சின்னது, வேகமானது, ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். அந்த மொழிப் பட்டியலை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள், இந்தி இருக்கும், மராத்தி, குஜராத்தி, உருது இருக்கும், தமிழ் இருக்காது. தமிழைக் கொடுத்தால் மறுக்காது, 384 எண்களை அழகாக எடுத்துத் தரும். அந்த எண்களை நம்பிப் பரிந்துரை போட்டால் உங்கள் பாடு திண்டாட்டம். தமிழைக் கற்றுக்கொண்ட மாடல்கள் வேறு உண்டு: கூகுளின் லாப்ஸ், 109 மொழிகள், தமிழும் அதில் ஒன்று. மல்டிலிங்குவல் ஈ-5, அதுவும் தமிழைப் பார்த்திருக்கிறது. பி.ஜி.ஈ. எம்-3, நீண்ட உரையைத் தாங்கும்.

லாப்ஸ் அடிப்படையில் மொழிபெயர்ப்பு ஜோடிகளைக் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டது, ஒரே பொருள் கொண்ட இரண்டு வாக்கியத்தை நன்றாகப் பிடிக்கும், ஒரே களத்தைப் பற்றிய இரண்டு வேறு கதைகளை அந்த அளவுக்கு அல்ல. ஈ-5 எனக்கு ஒத்துவந்தது. அதற்கு ஒரு சடங்கு உண்டு: ஒவ்வொரு உரைக்கும் முன்னால் ஆங்கிலத்தில் 'குவெரி' என்றோ 'பேசேஜ்' என்றோ ஒரு முன்னொட்டும் முக்காற்புள்ளியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், புத்தகத்தைப் புத்தகத்தோடு ஒப்பிடுவதானால் இரண்டுக்குமே குவெரிதான். மறந்தால் பிழை எதுவும் வராது, தரம் மட்டும் குறையும். இன்னொன்று, அதன் கொசைன் மதிப்புகள் பெரும்பாலும் 0.7க்கு மேலேயே கிடக்கும். 0.82 வந்துவிட்டது என்று மயங்காதீர்கள், சமையலுக்கும் சரித்திரத்துக்கும்கூட அது வரலாம். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையை மட்டும் பாருங்கள்.

மாடலைத் தேர்ந்தெடுக்கத் தரவரிசைப் பட்டியல்களை நம்புவதைவிட ஒரு மாலை நேரத்தைச் செலவிடுங்கள். நூலகக்காரரை உட்காரவைத்து இருபது மும்மைகள் கேளுங்கள்: இந்தப் புத்தகத்துக்கு இது நெருக்கம், இது தூரம். ஒவ்வொரு மாடலும் இருபதில் எத்தனையில் அவரோடு ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள். தூரமானதைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் குயுக்தி வேண்டும். கரிசல் காட்டு விவசாயியைப் பற்றிய நாவலுக்கு நெருக்கமாக இன்னொரு மானாவாரி நாவலையும், தூரமாக இயற்கை உரம் தயாரிக்கும் கையேட்டையும் வைத்தோம். சொற்கள் எல்லாம் கையேட்டோடுதான் பொருந்தும், வாசகர் தேடுவதோ நாவலை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி மாடல்களின் சாயம் வெளுத்துவிடும். இதற்கு மருந்து, வகை என்ற எக்செல் பத்தியைத் தனியாக வைத்து, புனைவுக்குப் புனைவைத்தான் காட்டு என்று வடிகட்டுவது. எல்லாவற்றையும் மாடலே கண்டுபிடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரம் புத்தகத்துக்கு, இந்த எண் வரிசைகளைச் சேமித்துத் தேடுவதற்கென்றே இருக்கும் வெக்டர் டேட்டாபேஸ் வேண்டுமா என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். 2,000 புத்தகம், ஆளுக்கு 768 எண், ஓர் எண்ணுக்கு 4 பைட், மொத்தம் சுமார் 6 எம்.பி. கைபேசியில் எடுத்த பின்னட்டைப் படங்கள் இரண்டு மூன்று சேர்ந்தாலே அவ்வளவு வரும். பைத்தானின் எண் கணக்குத் தொகுதியான நம்பையில் ஒரே பெருக்கல், கண் இமைப்பதற்குள் முடியும்.

பெரிய மொழி மாடல்களையும் இதில் நுழைக்கலாம், நான் ஒரே ஒரு இடத்தில் நுழைத்தேன். பின்னட்டை வாசகத்தைக் கொடுத்து களம், காலம், தொனி மூன்றையும் நான் கொடுத்த சொற்பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கச் சொன்னேன்: கிராமம், நகரம், புலம்பெயர் வாழ்வு, நகைச்சுவை, துப்பறிதல் என்று ஒரு நாற்பது சொற்கள். பட்டியல் கொடுக்காவிட்டால் ஒரு புத்தகத்துக்கு 'கிராமம்' என்றும் அடுத்ததற்கு 'கிராமிய வாழ்வியல்' என்றும் தன் இஷ்டத்துக்கு எழுதும். அதைவிட முக்கியம், வாசகத்தில் இல்லாததை எழுதாதே, தெரியாவிட்டால் 'இல்லை' என்று எழுது என்று கண்டிப்பாகச் சொல்வது. அதிகம் பேர் அறியாத தமிழ் நாவல் என்றால் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கதையையே கட்டிவிடும், கட்டியது நம்பும்படியாகவும் இருக்கும்.

வாசகர் கருத்துகளைச் சேர்க்கலாமா? நூலகத்தில் ஒரு நோட்டு இருந்தது, படித்தவர்கள் ஓரிரு வரி எழுதுவார்கள். ஆசையாக எடுத்துத் தட்டச்சு செய்து, பாராட்டா குறையா என்று பிரிக்கப் பார்த்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: "தூக்கம் வராதவர்களுக்கு அருமருந்து." மாடல் இதை அமோகப் பாராட்டு என்றது. மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம், ஆள். இதுவரை புத்தகத்துக்குப் புத்தகம் பார்த்தோம், வந்து நிற்கும் ஆளுக்கு எப்படிச் சொல்வது? அவர் எடுத்த எல்லாப் புத்தகங்களின் எண் வரிசைகளையும் கூட்டிச் சராசரி எடு என்பார்கள். செய்யாதீர்கள். நம்ம ஊரில் ஒரு வீட்டுக்கு ஓர் அட்டைதான், அதில் பாட்டிக்குப் பக்தி இலக்கியம், அப்பாவுக்குத் துப்பறியும் நாவல், பெண்ணுக்குப் போட்டித் தேர்வுக் கையேடு. மூன்றின் சராசரி எங்கே விழும்? மூவருக்கும் வேண்டாத ஏதோ ஒன்றில். மாறாக, கடைசியாக எடுத்த ஐந்து புத்தகங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நெருங்கியவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்றாகக் கலந்து கொடுங்கள். பாட்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

கலந்து கொடுக்கும்போது தமிழ்ப் பதிப்புலகுக்கே உரிய ஒரு தொல்லை வரும். அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் ஒரே நூல் நாலு பதிப்பகத்தில் நாலு அட்டையோடு இருக்கும். நெருக்கத்தை வைத்து வரிசைப்படுத்தினால் அந்த நாலும்தான் முதல் நாலு இடத்தில் வந்து நிற்கும், படித்து முடித்த புத்தகத்தையே மறுபடி படி என்று சொல்லும். ஆசிரியரும் தலைப்பும் ஒத்துப்போனால் ஒரே நூல் என்று முன்கூட்டியே குழுவாக்கிவிடுங்கள், தலைப்பை ஒப்பிடும்போது வெற்றிடத்தையும் ஒற்று மிகுதலையும் கண்டுகொள்ளாமல். அதற்குப் பிறகும் ஒரே ஆசிரியரின் ஐந்து புத்தகம் வரிசையாக வந்தால் எம்.எம்.ஆர். என்ற முறை உதவும், கார்பனெல், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1998இல் சொன்னது: ஒவ்வொரு இடத்தை நிரப்பும்போதும், கேட்ட புத்தகத்தோடு உள்ள நெருக்கத்தில் 0.7 பங்கை எடுத்து, ஏற்கனவே பட்டியலில் ஏறிவிட்டவற்றோடு உள்ள அதிகபட்ச நெருக்கத்தில் 0.3 பங்கைக் கழி. அந்த 0.7-ஐக் கூட்டிக் குறைத்து நூலகக்காரரிடம் காட்டுங்கள், அவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

எடுத்துச் சென்ற பதிவுகள் சேரச் சேர, யாரோடு யார் எதை எடுத்தார் என்ற முறையையும் மெல்ல உள்ளே விடலாம். ஒரு புத்தகத்தை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்களோ அந்த எண்ணோடு பத்தைக் கூட்டி, பத்தை அதால் வகுத்தால் வருவது உரையின் பங்கு. ஒருவரும் எடுக்காத புது வரவுக்கு உரை முழுப் பொறுப்பு, பத்துப் பேர் எடுத்ததும் பாதிப் பாதி, நாற்பது பேர் எடுத்ததும் உரைக்கு ஐந்தில் ஒரு பங்குதான். பத்து என்பது என் கைக்கு வந்த எண், உங்கள் கடைக்கு வேறாக இருக்கலாம்.

சரிபார்க்க வழி: ஒவ்வோர் அட்டையிலும் கடைசியாக எடுத்த புத்தகத்தை மறைத்துவிட்டு, அதற்கு முந்தையவற்றை மட்டும் காட்டிப் பத்துப் பரிந்துரை கேளுங்கள். மறைத்தது அந்தப் பத்துக்குள் இருந்தால் ஒரு மதிப்பெண். கூடவே ஒரு மட்டமான போட்டியாளரையும் வையுங்கள்: எல்லோருக்கும் கடையில் அதிகம் போகும் பத்துப் புத்தகத்தையே சொல்பவன். அவனை முந்த முடியாவிட்டால் உங்கள் மாடலை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு முதல் முயற்சியில் மதிப்பெண் சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக வந்தது. தோண்டிப் பார்த்தால், சரியாகச் சொன்னவற்றில் பெரும்பாலானவை தொடர் நாவல்களின் அடுத்த பாகங்கள். முதல் பாகம் எடுத்தவர் இரண்டாம் பாகம் எடுப்பார் என்று சொல்ல மாடல் எதற்கு, பையனே சொல்வான். பாகங்களை ஒரே நூலாக்கிவிட்டு மறுபடி எண்ணியபோது மதிப்பெண் இறங்கியது, நம்பிக்கை ஏறியது.

இப்போது அங்கே ஓடுவது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை இரவு நிரல் ஒருமுறை ஓடி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஐந்து பெயரை எக்செல்லில் ஆறாவது பத்தியாக எழுதி வைக்கும். பையன் புத்தக எண்ணைத் தட்டினால் ஐந்தும் வரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே "களம்: கடற்கரை, தொனி: நகைச்சுவை" என்று காரணம் ஒரு வரி. ஏழாவது பத்தி ஒன்றை நூலகக்காரர் தானே சேர்த்துக்கொண்டார், அதில் அவருக்குப் பிடிக்காத பரிந்துரைக்கு எதிரே 'வேண்டாம்' என்று எழுதுவார், நிரல் அடுத்த வாரம் அதைத் தொடாது. போன மாதம் திறந்து பார்த்தேன். ஒரு சமையல் புத்தகத்துக்கு எதிரே 'வேண்டாம்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "அந்த அம்மா சைவம்" என்று போட்டிருந்தார்.